பசித்த குழந்தைக்கு எதை, எப்போது, எவ்வளவு?

2006 மே 27 அதிகாலையில் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா பகுதியை நிலநடுக்கம் உலுக்கியது. 5,700க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். லட்சக்கணக்கானோர் வீடிழந்து வெட்டவெளிக்கு வந்தார்கள். உதவிப் பொருள்கள் குவிந்தன; அவற்றோடு பெட்டி பெட்டியாகக் குழந்தைகளுக்கான பால் பவுடரும் வந்து இறங்கியது. பிறகு வீடு வீடாகச் சென்று கணக்கெடுத்த ஆய்வாளர்கள் கண்டது இது: ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் பால் பவுடர் குடித்தவர்கள் நிலநடுக்கத்துக்கு முன்பு 32 சதவீதம், பின்பு 43 சதவீதம். நன்கொடைப் பவுடர் கிடைத்த குழந்தைகளில் 25.4 சதவீதத்தினருக்கு ஒரே வாரத்தில் வயிற்றுப்போக்கு கண்டிருந்தது. கிடைக்காத குழந்தைகளில் அது 11.5 சதவீதம்தான்.

அந்தப் பவுடரை அனுப்பியவர்கள் எல்லோரும் நல்ல மனதோடுதான் அனுப்பினார்கள். அழும் கைக்குழந்தையின் படத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தால் பால் வாங்கிக் கொடுக்கத்தான் யாருக்கும் தோன்றும். எலும்பும் தோலுமாக இருக்கும் குழந்தையைப் பார்த்தால் வயிறு நிறையச் சோறூட்டத் தோன்றும். பேரிடர்களிலும் பஞ்சங்களிலும் சிறு குழந்தைகளைக் காப்பாற்றப் பாடுபட்டவர்கள் முக்கால் நூற்றாண்டாகப் பட்டறிந்து வந்திருப்பது, இந்த இரண்டு உந்துதல்களுமே குழந்தையைக் கொல்லக்கூடும் என்பதைத்தான். எந்தக் குழந்தைக்கு, எந்தக் கட்டத்தில், எவ்வளவு என்று தெரியாமல் கொடுக்கிற உணவு சில நேரங்களில் பசியைவிட ஆபத்தானது.

முதலில் கைக்குழந்தைகள். ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஐந்து கிலோ எடையுள்ள மூன்று மாதக் குழந்தைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 750 மில்லி பால் வேண்டும். அதைக் கரைக்க ஏறத்தாழ 100 கிராம் பவுடர் தேவை. நிவாரண லாரியிலிருந்து கைக்கு வரும் 400 கிராம் டின் நான்கு நாளில் தீர்ந்துவிடும். இந்த நான்கு நாளும் குழந்தை மார்பில் வாய் வைப்பது குறைந்திருக்கும். குழந்தை சப்பச் சப்பத்தான் பால் ஊறும். சப்புவது குறைந்தால் சுரப்பும் குறையும். ஐந்தாம் நாள் டின்னும் காலி, மார்பிலும் பால் குறைவு. அடுத்த டின் எப்போது வரும் என்று தெரியாத தாய், இருப்பதை நீட்டிக்க வேண்டித் தண்ணீரைக் கூடுதலாக ஊற்றுவாள். குழந்தை மெலிய ஆரம்பிக்கும்.

இதெல்லாம் தண்ணீர் சுத்தமாக இருந்தாலே நடக்கிற கதை. வெள்ளம் வடியாத ஊரில், கிணறுகளில் கழிவுநீர் கலந்த இடத்தில் நிலைமை இன்னும் மோசம். பால் பவுடர் கிருமி நீக்கப்பட்ட பொருள் அல்ல. அதில் இருக்கக்கூடிய கிருமிகளைக் கொல்ல, கொதிக்கவைத்து 70 டிகிரிக்குக் கீழே இறங்காத தண்ணீரில் கரைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. முகாமில் இருக்கும் தாய்க்கு ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை வெந்நீர் வைக்க விறகு எங்கே? புட்டியையும் ரப்பர் காம்பையும் கழுவி வேகவைக்கப் பாத்திரம் எங்கே? டின்னில் ஒட்டியிருக்கும் குறிப்பு பல நேரங்களில் அவளுக்குப் படிக்கத் தெரியாத மொழியில் இருக்கும்.

2006ஆம் ஆண்டின் தொடக்கத்தில் போட்ஸ்வானாவில் கனமழையும் வெள்ளமும் வந்தபோது இதன் முழு விபரீதமும் வெளிப்பட்டது. ஹெச்.ஐ.வி. தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றாமலிருக்க அந்நாட்டு அரசு பால் பவுடரை இலவசமாக வழங்கி வந்தது. அதனால் தாய்ப்பால் குடிக்காத குழந்தைகள் ஏராளமாக இருந்தார்கள். வெள்ளத்தைத் தொடர்ந்து பரவிய வயிற்றுப்போக்கில் ஐந்து வயதுக்கு உட்பட்ட 500க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். தாய்ப்பால் குடித்த குழந்தைகளோடு ஒப்பிட்டால், குடிக்காத குழந்தைகள் வயிற்றுப்போக்கோடு மருத்துவமனைக்கு வரும் வாய்ப்பு 50 மடங்கு கூடுதலாக இருந்தது. நல்ல நோக்கத்தோடு, நிபுணர்களின் ஆலோசனையோடு நடந்த திட்டம் அது. தண்ணீர் கெட்டுப்போன சில வாரங்களில் அதன் கணக்கு தலைகீழாகிவிட்டது.

நம் கரையிலும் இது நடந்திருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு புதுச்சேரியின் பாதிக்கப்பட்ட மீனவ கிராமங்களில் குழந்தை மருத்துவர்கள் நடத்திய ஆய்வில், இலவசமாக வந்த பால் பவுடரைக் குடித்த குழந்தைகளுக்கு மற்றவர்களைக் காட்டிலும் மூன்று மடங்கு வயிற்றுப்போக்கு வந்திருந்தது தெரிந்தது. யோக்யகர்த்தாவில் நிலம் நடுங்கியதற்கு ஒன்றரை ஆண்டு முன்பு நடந்தது இது.

இங்கே ஒரு நம்பிக்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதிர்ச்சியில் பால் வற்றிவிடும் என்பதை நம் வீடுகளில் பாட்டிமார் தொடங்கிப் படித்தவர்கள் வரை நம்புகிறோம். இதை நம்பித்தான் பல தாய்மார்கள் டின்னை வாங்கிக்கொள்கிறார்கள். உண்மையில் பால் உற்பத்தியாவது ஒரு ஹார்மோனால். உற்பத்தியான பால் மார்பிலிருந்து வெளியே வருவது இன்னொரு ஹார்மோனால். பயமும் துக்கமும் இரண்டாவதைச் சற்று நேரம் தடுக்கும். பால் வரவில்லை என்று தாய்க்குத் தோன்றும், குழந்தை அழும், தாயின் பதற்றம் கூடும். ஆனால் பால் உள்ளே இருக்கிறது. ஓர் ஓரமாக, ஆண்கள் நடமாட்டம் இல்லாத இடத்தில், பக்கத்தில் ஒரு துணையோடு அவளை உட்காரவைத்து, குழந்தையை மார்போடு அணைத்துச் சப்பவிட்டால் பால் இறங்கும். தாய் சரியாகச் சாப்பிடாவிட்டால் பாலில் சத்திருக்காது என்பதும் பெரும்பாலும் தவறு. மிகக் கடுமையாக மெலிந்த தாய்க்குத்தான் பாலின் அளவு குறையும். அப்போதும் தாய்க்குச் சாப்பாடு போடுவதே சரியான வைத்தியம். அவளுக்குப் போடும் ஒரு தட்டுச் சோறு குழந்தைக்கும் போய்ச் சேருகிறது.

நின்றுபோன பாலையும் திரும்பக் கொண்டுவரலாம். கிண்ணத்தில் பால் வைத்து, அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்றை எடுத்து, அதன் நுனியை மார்புக்காம்பை ஒட்டிப் பொருத்துவார்கள். குழந்தை காம்பைச் சப்பும்போது குழாய் வழியே பால் வாய்க்கு வரும். பால் வருவதால் குழந்தை விடாமல் சப்பும். விடாமல் சப்புவதால் தாய்க்குச் சுரப்பு மீளும். நாள்கள் செல்லச்செல்லக் கிண்ணத்துப் பாலைக் குறைத்துக்கொண்டே வருவார்கள். தாயை இழந்த பேரக்குழந்தைக்குப் பாட்டி இப்படிப் பால் கொடுத்த நிகழ்வுகளும் உண்டு. இதற்கு வேண்டியது பொறுமையுள்ள செவிலியர் ஒருவர். நன்கொடைப் பட்டியல்களில் அப்படி ஒருவருக்கான சம்பளம் இடம்பெறுவது மிக அரிது.

பால் பவுடரே கூடாது என்று இதற்குப் பொருள் கொண்டால் அதுவும் குழந்தையைக் கொல்லும். சுனாமியில் நம் கடற்கரையில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம் இறந்தார்கள். தாயில்லாமல் போன கைக்குழந்தைகள் இருந்தன. பிறந்ததிலிருந்து புட்டிப்பால் மட்டுமே குடித்து வளர்ந்த குழந்தை பேரிடருக்கு மறுநாள் திடீரென்று தாய்ப்பாலுக்கு மாறிவிட முடியாது. முற்றுகைக்குள் சிக்கிய ஊர்களில் இது வாழ்வா சாவா என்ற கேள்வி. 2025இல் காசாவில் மருத்துவர்கள் குழந்தைப் பால் பவுடருக்காகக் கெஞ்சினார்கள். குறைமாதக் குழந்தைகளுக்கும், தாயை இழந்தவர்களுக்கும், பட்டினியால் தாய்க்குப் பால் குறைந்துபோனவர்களுக்கும் அது மருந்து. அந்த ஆண்டு ஆகஸ்டில் காசா நகரை உள்ளடக்கிய மாவட்டத்தில் பஞ்சம் நிலவுவதாக அதிகாரபூர்வமாக உறுதிசெய்யப்பட்டது.

ஈழத்தமிழர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. 2009 ஏப்ரல் 8ஆம் தேதியை ஒட்டி, வன்னியில் அம்பலவன்பொக்கணையில் சுகாதாரத் துறையினர் விநியோகித்த பால்மாவுக்காக வரிசையில் நின்ற பெண்கள், குழந்தைகள் நடுவே எறிகணை வந்து விழுந்தது. இறந்து கிடந்த தாய்மார் சிலரின் கைகளில் பால்மாவுக்கான அட்டைகள் அப்படியே இருந்ததாக ஐ.நா. நிபுணர் குழுவின் அறிக்கை பதிவுசெய்திருக்கிறது. அந்த வரிசையில் நின்றவர்களிடம் போய்த் தாய்ப்பாலின் மேன்மையைப் பேசுவது அநியாயம்.

ஆகவே பேரிடர்க் காலக் குழந்தை உணவுக்கான சர்வதேச வழிகாட்டுதல் இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. 2001இல் முதலில் வெளிவந்து, 2017இல் மூன்றாம் பதிப்பு கண்ட அந்த ஆவணத்தின் சாரம் இது: பால் பவுடரை நன்கொடையாகக் கேட்கக் கூடாது, ஏற்கவும் கூடாது. எந்தக் குழந்தைக்குத் தேவை என்று பயிற்சி பெற்றவர் தனித்தனியாகப் பார்த்து முடிவுசெய்ய வேண்டும். அந்தக் குழந்தைக்குத் தேவையுள்ளவரை தடையில்லாமல் கிடைக்கும்படி விலைகொடுத்து வாங்கி வைத்திருக்க வேண்டும். வெந்நீருக்கும் பாத்திரத்துக்கும் ஏற்பாடு செய்து, எப்படிக் கரைப்பது என்று கூடவே இருந்து காட்ட வேண்டும். புட்டியைத் தவிர்த்துக் கிண்ணத்தில் புகட்ட வேண்டும். கிண்ணம் என்றதும் நமக்குத் திகைப்பு வேண்டாம். பாலாடையும் சங்கும் நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இருப்பவை. கழுவ எளிது, இடுக்கு கிடையாது. இந்தியாவில் 1992ஆம் ஆண்டுச் சட்டம், அனாதை இல்லங்களைத் தவிர வேறு யாருக்கும் தாய்ப்பால் மாற்று உணவையும் புட்டியையும் நன்கொடையாக வழங்குவதைத் தடை செய்கிறது. ஒவ்வொரு வெள்ளத்தின்போதும் வெளியாகும் 'தேவைப்படும் பொருள்கள்' பட்டியலில் பால் பவுடரைச் சேர்ப்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

பால் பவுடர் நிறுவனங்களை இந்தக் கதையிலிருந்து விலக்கிவைக்க முடியாது. 1939இல் சிங்கப்பூரில் சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் 'பாலும் கொலையும்' என்ற தலைப்பில் ரோட்டரி சங்கத்தில் பேசினார். செவிலியர் உடை அணிந்த பெண்களை அனுப்பி, இனிப்பூட்டிய டின் பாலைத் தாய்மார்களிடம் விற்ற நிறுவனங்களின் விளம்பரத்தால் மலாயாவில் குழந்தைகள் சாவதை அவர் கண்டிருந்தார். அத்தகைய விளம்பரத்தைக் கொலையாகவே கருத வேண்டும் என்றார். தாய்ப்பால் மாற்று உணவுகளின் விற்பனையைக் கட்டுப்படுத்தும் சர்வதேச விதிமுறை வர அதன் பிறகு 42 ஆண்டுகள் ஆயின. அது வந்தது 1981இல்.

அதே சிசிலி வில்லியம்ஸ் நம்மை அடுத்த குழந்தையிடம் அழைத்துச் செல்கிறார். மலாயாவுக்கு வருவதற்கு முன்பு அவர் பணியாற்றிய இடம் கோல்ட் கோஸ்ட், அதாவது இன்றைய கானா. அடுத்த குழந்தை பிறந்ததும் பால் மறக்கடிக்கப்பட்டு, மக்காச்சோளக் கஞ்சியில் வளரும் மூத்த குழந்தைக்குக் கால் வீங்கி, தோல் உரிந்து, முடி வெளுத்துச் சாவு வருவதை 1930களில் மருத்துவ உலகுக்கு அவர்தான் விவரித்தார். குவாஷியோர்கர் என்ற பெயர் அப்போதுதான் மருத்துவ நூல்களுக்குள் வந்தது. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரையுள்ள குழந்தைகளைத் தாக்கும் கடும் ஊட்டச்சத்துக் குறைபாட்டின் இரண்டு முகங்களில் இது ஒன்று. மற்றது எலும்பும் தோலுமாக மெலிவது.

முகாமில் இவர்களை அடையாளம் காணத் தராசுகூட வேண்டாம். இடது மேல்கையின் நடுவில் ஒரு வண்ணப் பட்டையைச் சுற்றுகிறார்கள். 12.5 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் இருந்தால் பச்சை. 11.5 முதல் 12.5 வரை மஞ்சள்; குழந்தை மெலியத் தொடங்கிவிட்டது. 11.5க்குக் கீழே சிவப்பு; சாவு அருகில் நிற்கிறது. பிறகு இரண்டு பாதங்களின் மேற்புறத்திலும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்தி எடுப்பார்கள். இரண்டிலும் குழி விழுந்து அப்படியே நின்றால், கையளவு என்னவாக இருந்தாலும், அது கடும் குறைபாடுதான். கொழுகொழுவென்று தோன்றும் வீக்கத்தைப் பார்த்துக் குழந்தை நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடுபவர்கள் உண்டு. அந்த ஒரு விரலழுத்தம் உயிரைக் காக்கும்.

இப்படிச் சிவப்பில் இருக்கும் குழந்தை காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்து, சாப்பிட மறுத்து, துவண்டு வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீண்ட நாள் பட்டினியில் அந்த உடல் தன் வேலைகளை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டிருக்கும். இதயம் மெதுவாக, பலமில்லாமல் துடிக்கும். சிறுநீரகத்தால் கூடுதல் நீரையும் உப்பையும் வெளியேற்ற முடியாது. உயிரணுக்களுக்குள் சோடியம் தேங்கியிருக்கும், பொட்டாசியம் வெளியேறியிருக்கும். நோய்த்தொற்று முற்றியிருந்தாலும் காய்ச்சல் காட்டும் தெம்புகூட உடலுக்கு இருக்காது. அணையும் தறுவாயில் இருக்கும் அடுப்பில் பெரிய விறகைத் திணித்தால் இருக்கிற கங்கும் அணைந்துபோகும். இந்தக் குழந்தைக்கு வயிறு நிறைய ஊட்டுவதும் அப்படித்தான். திடீரென்று வரும் உணவைச் செரிக்க உடல் முனையும்போது ரத்தத்தில் பாஸ்பேட் சடசடவென்று சரியும், இதயம் திணறும். சிரை வழியே வேகமாக ஏற்றும் திரவம் நுரையீரலில் நீரைக் கோக்கும்.

1945 ஏப்ரலில் பெர்கன்-பெல்சன் வதைமுகாமை விடுவித்த பிரிட்டிஷ் வீரர்கள் தங்கள் கைவசமிருந்த டின் இறைச்சியை அங்கிருந்தவர்களுக்குக் கொடுத்தார்கள். அதைத் தின்ற பலர் இறந்தார்கள். பிறகு 1943 வங்கப் பஞ்சத்தில் பயன்படுத்திய பால், சர்க்கரைக் கலவையைத் தயாரித்துக் கொடுத்தார்கள். அந்த இனிப்பைப் பலரால் குடிக்க முடியவில்லை. பட்டினி கிடந்தவரை மெல்ல மெல்லத்தான் உணவுக்குக் கொண்டுவர வேண்டும் என்ற பாடம் அங்கேயே கண்முன் இருந்தது. ஆனாலும் 1990களில் ஆய்வாளர்கள் திரும்பிப் பார்த்தபோது, கடும் ஊட்டச்சத்துக் குறைபாட்டோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட குழந்தைகளில் 20 முதல் 30 சதவீதம் பேர் இறப்பது 1950களிலிருந்து பெரிதாக மாறவில்லை என்று தெரிந்தது. தவறான முறையில் ஊட்டுவது, திரவம் ஏற்றுவது போன்ற சிகிச்சைத் தவறுகளே இதற்கு முக்கியக் காரணம் என்பதுதான் அந்த ஆய்வின் கசப்பான முடிவு.

சரியான முறை இதுதான். முதலில் குழந்தையைத் தாயின் உடலோடு ஒட்டி வைத்துப் போர்த்தி வெதுவெதுப்பாக்குவது. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து ரத்தச் சர்க்கரையை உயர்த்துவது. காய்ச்சல் இல்லாவிட்டாலும் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து தொடங்குவது. சோகை கண்ணுக்குத் தெரிந்தாலும் முதல் வாரத்தில் இரும்புச்சத்து கொடுப்பதில்லை. உணவாக எஃப்-75 என்ற பால்: 100 மில்லியில் 75 கலோரி, புரதம் ஒரு கிராம்கூட இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவு பகல் பாராமல். ஆறு கிலோக் குழந்தைக்கு ஒரு வேளைக்கு 65 மில்லி. அரை டம்ளருக்கும் குறைவு. இத்துனூண்டு பால் எந்த மூலைக்கு என்று தாய் பதறுவாள். நள்ளிரவு இரண்டு மணி வேளையையும் நான்கு மணி வேளையையும் விட்டுவிட்டால் விடியும்போது ரத்தச் சர்க்கரை விழுந்து குழந்தை இறந்துவிடக்கூடும். ஆகவே இந்த வைத்தியத்தின் உயிர்நாடி இரவுப் பணியில் தூங்காமல் இருக்கும் செவிலியர்தான். சில நாளில் வீக்கம் வடியத் தொடங்கும், பசி திரும்பும். அழுது கேட்கும் குழந்தை தேறும் குழந்தை. அதன் பிறகே 100 கலோரிப் பாலான எஃப்-100க்கு மாற்றுவார்கள். அங்கிருந்து எடை கிடுகிடுவென்று ஏறும்.

முறை சரி. ஆனால் இதற்கு ஒரு மாதம் மருத்துவமனையில் படுக்க வேண்டியிருந்தது. தாய் மற்ற பிள்ளைகளையும் வயலையும் விட்டுவிட்டு அங்கே உட்கார வேண்டும். ஒரே கூடத்தில் நெருக்கியடித்துக் கிடக்கும் குழந்தைகளிடையே தட்டம்மையும் பேதியும் பரவும். பஞ்சத்தில் ஆயிரக்கணக்கில் வரும்போது படுக்கைக்கு எங்கே போவது? பாலைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பவும் முடியாது. தண்ணீரில் கரைக்க வேண்டிய எதுவும் அந்த வீடுகளில் கிருமிக்கு விருந்தாகிவிடும்.

இந்த முடிச்சை அவிழ்த்தது நிலக்கடலை. பிரெஞ்சு மருத்துவர் ஆந்த்ரே பிரியாந்தும் நியூட்ரிசெட் நிறுவனத்தின் மிஷேல் லெஸ்கானும் 1990களின் நடுவில் எஃப்-100 பாலிலிருந்த பால் பொடியில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நிலக்கடலை விழுதைச் சேர்த்தார்கள். பால் பொடி, சர்க்கரை, எண்ணெய், தாது உப்புகள், வைட்டமின்கள் எல்லாம் கடலை விழுதில் குழைந்த பசை. தண்ணீர் துளியும் இல்லாததால் கிருமி வளர வழியில்லை. 92 கிராம் பொட்டலத்தில் 500 கலோரி. சமைக்க வேண்டாம், கரைக்க வேண்டாம். மூலையைக் கிழித்துக் குழந்தையே உறிஞ்சிச் சாப்பிடலாம். இரண்டு ஆண்டு கெடாது. மலாவியில் மருத்துவர் மார்க் மானரியும், எத்தியோப்பியாவில் ஸ்டீவ் காலின்ஸ் குழுவினரும் இதை வீட்டுக்கே கொடுத்தனுப்பிப் பார்த்தார்கள். குழந்தைகள் தேறினார்கள்.

பெரும் சோதனை 2005இல் நைஜரில் வந்தது. முந்தைய ஆண்டின் வறட்சியும் வெட்டுக்கிளியும் விளைச்சலைத் தின்றிருந்தன. சந்தையில் தானியம் இருந்தது, ஏழைக்கு எட்டும் விலையில் இல்லை. மராதி உள்ளிட்ட பகுதிகளில் 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பு அந்த ஆண்டு 60,000க்கும் மேற்பட்ட கடும் ஊட்டச்சத்துக் குறைபாடுள்ள குழந்தைகளுக்குச் சிகிச்சையளித்தது. பெரும்பாலோர் வாரம் ஒருமுறை வந்து பொட்டலங்களை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவர்கள். படுக்கைகளை நம்பியிருந்தால் இந்த எண்ணிக்கையை நினைத்தும் பார்த்திருக்க முடியாது. இரண்டு ஆண்டுகளில், 2007இல், உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப், உலக உணவுத் திட்டம் உள்ளிட்ட ஐ.நா. அமைப்புகள் இந்த முறையை ஏற்றுக் கூட்டறிக்கை வெளியிட்டன.

யாரை வீட்டுக்கு அனுப்பலாம், யாரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டும் என்று பிரிக்கும் சோதனை மிக எளியது. அமைதியான ஓர் இடத்தில் தாய் கை கழுவிவிட்டுக் குழந்தையை மடியில் வைத்து, பசையை விரலில் தொட்டு வாயருகே கொண்டுபோவாள். பக்கத்தில் குடிக்க நல்ல தண்ணீர். திணிக்கக் கூடாது. பசி எடுத்துச் சாப்பிடுகிற, வேறு சிக்கல் இல்லாத குழந்தைக்கு எடைக்கேற்ப ஒரு நாளைக்கு இரண்டு மூன்று பொட்டலம் என்று கணக்கிட்டு ஒரு வாரத்துக்குக் கொடுத்தனுப்பலாம். தலையைத் திருப்பிக்கொள்ளும் குழந்தைக்குள் ஏதோ நோய் இருக்கிறது. அது உடனே எஃப்-75க்குப் போக வேண்டும். ஒரு குழந்தை தேறுவதற்கு ஆறு முதல் எட்டு வாரம், சுமார் 150 பொட்டலங்கள், அதாவது ஒரு பெட்டி.

இவ்வளவு தெரிந்த பிறகும் குழந்தைகள் சாவது, பெட்டி போய்ச் சேராததால். சோமாலியாவில் 2010 அக்டோபர் முதல் 2012 ஏப்ரல் வரை பஞ்சத்தாலும் கடும் உணவுத் தட்டுப்பாட்டாலும் சுமார் 2,58,000 பேர் இறந்ததாகப் பின்னர் மதிப்பிடப்பட்டது. அவர்களில் 1,33,000 பேர் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள். சூடானின் வடக்கு டார்ஃபூரில் ஸம்ஸம் முகாமில் 2024 ஆகஸ்டில் பஞ்சம் உறுதிசெய்யப்பட்டது. அருகிலிருக்கும் எல் ஃபாஷர் நகரம் ஓராண்டுக்கு மேல் முற்றுகையிடப்பட்டிருந்தது. 2025இல் அங்கே மக்கள் பொதுச் சமையற்கூடங்களில் வாங்கிச் சாப்பிட்டது அம்பாஸ் எனப்படும் கடலைப் புண்ணாக்கு, கால்நடைத் தீவனம். டார்ஃபூர் நிலக்கடலை விளையும் மண். கடலைப் பசைப் பொட்டலங்களின் கையிருப்பு தீர்ந்துபோய்ச் சிகிச்சை நின்ற ஊரில், எண்ணெய் பிழிந்த சக்கையைக் குழந்தைகள் தின்றார்கள். இதைப் பஞ்சம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. உணவு வண்டியை வழியில் நிறுத்திவைக்க ஆயுதம் தாங்கிய மனிதர்கள் எடுத்த முடிவு அது.

இந்தியாவில் இந்தப் பசைக்கு வரவேற்பு இல்லை. 2009இல் பீகாரிலும் மத்தியப் பிரதேசத்திலும் பயன்படுத்த யுனிசெஃப் இறக்குமதி செய்த சரக்கைத் திருப்பி எடுத்துச் செல்லச் சொன்னது மத்திய அரசு. அந்த எதிர்ப்பில் நியாயமும் இருக்கிறது. வெளிநாட்டு நிறுவனத்தின் பொட்டலம் வீட்டுச் சமையலின் இடத்தைப் பிடித்துவிடும், ஏழ்மை என்ற நோய்க்கு வணிகச் சரக்கை மருந்தாக்கிவிடுவார்கள் என்ற அச்சத்தைப் பால் பவுடரின் வரலாறு தெரிந்தவர்கள் தள்ளிவிட முடியாது. மஞ்சளில் இருக்கும் குழந்தைக்கு அங்கன்வாடி முட்டையும் சத்துமாவும், எண்ணெய் விட்டுப் பிசைந்த பருப்புச் சோறும் போதுமானவை. அங்கே பொட்டலத்துக்கு வேலையில்லை என்பதே என் கருத்தும். ஆனால் சிவப்பில் இருக்கும் குழந்தையின் கதை வேறு. அதன் சின்ன வயிறு கொள்ளும் அளவுக்குள் அவ்வளவு கலோரியையும் பொட்டாசியத்தையும் துத்தநாகத்தையும் வீட்டுச் சோற்றில் அடைக்க முடியாது. அதற்கு இது மருந்து. நம் நாட்டுக் கடலையில், நம் தொழிற்கூடங்களில் அதைச் செய்துகொள்ள முடியும்போது, எதிர்ப்பு பொட்டலத்தின் மீதா, அதை விற்பவர் மீதா என்று தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டத்தில், ஆறு மாதத்துக்கு உட்பட்ட கடும் குறைபாடுள்ள குழந்தைகளின் தாய்மார்களுக்கு ஊட்டச்சத்துப் பெட்டகம் கொடுக்கிறார்கள். குழந்தை மெலிந்தால் தாய்க்கு ஊட்டு என்ற அறிவு அரசுத் திட்டமாகியிருப்பது எனக்கு மகிழ்ச்சி தருகிறது.

கடலோர மாவட்டங்களில் புயல் நிவாரண முகாம் திறக்கும்போது செய்ய வேண்டியவற்றுக்குப் பெரிய செலவு கிடையாது. பதிவேட்டில் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் யார் என்று தனியாக எழுத வேண்டும். தாய்ப்பால் குடிக்காத கைக்குழந்தை இருந்தால் அன்றைக்கே கிராம சுகாதாரச் செவிலியர் பார்க்க வேண்டும். பால் கொடுக்க மறைவான ஓர் அறை வேண்டும். பாலூட்டும் தாய்க்குச் சாப்பாட்டுப் பந்தியில் முதல் இடமும் கூடுதலாக ஒரு வேளை உணவும் வேண்டும். ஆறு மாதம் கடந்த குழந்தைக்குப் பெரியவர்களின் சாம்பார் சாதப் பொட்டலம் காரமாக இருக்கும். குழைய வடித்த சோறும் பருப்பும் தனியாக ஒரு பானையில் வேக வேண்டும். நெரிசலான முகாம் நீடிக்கும் என்று தெரிந்தால் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்குத் தட்டம்மைத் தடுப்பூசியை முதல் சில நாள்களிலேயே போட்டுவிட வேண்டும், கூடவே வைட்டமின் ஏ. மெலிந்த குழந்தைகளைத் தட்டம்மை கொத்துக் கொத்தாக அள்ளிச் செல்லும். பஞ்ச முகாம்களில் பசி கொன்றதாக எழுதப்பட்ட மரணங்களில் பல அதன் கணக்கில் சேர வேண்டியவை.